அலசல்

ஐந்துக்குப் பூஜ்யம்.
ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு
பையைத் தூக்கிக்கொண்டு என் டோபிக் கடைக்கு வந்தவர்கள்
ஆட்டக்காரர்கள் இல்லை, ரசிகர்கள்.
சட்டை சுமக்கிற பையன் போன மாதமே நின்றுவிட்டான்.
சம்பளம் வராத வேலைக்கு
சுங்கை மெராவானில் யார் இருக்கிறார்கள்,
எங்களைத் தவிர.

மெஷின் சுற்றி முடிக்க நாற்பது நிமிடம்.
அதற்குள் கழகத்தை மூன்று தடவை கலைத்து
நான்கு தடவை கட்டினார்கள்.

"கோச்சுதான்," என்றார் குணாளன்.
செம்பனை லாரி ஓட்டுகிறவர்.
பேசும்போதும் கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருக்கும்.
"அஞ்சு டிஃபெண்டர நிறுத்துறான், அஞ்சு கோல் வாங்குறான்.
ஆளுக்கொண்ணுன்னு பங்கு வச்சிட்டானா?"

"ஆளில்லாம அவரு மட்டும் என்னா செய்வாரு?"
ஆலையில் இரவு ஷிப்டு ஏற வேண்டிய தீனதயாளன்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.
"பாரிட் புந்தார்லேருந்து ஒருத்தன வாங்கினீங்களே,
ரெண்டாயிரம் வெள்ளி.
அந்தக் காசுக்கு கோல் போஸ்டுக்கு
நல்ல வலையா வாங்கியிருக்கலாம்."

"வலை எதுக்கு, நாமதான் அடிக்கிறதே இல்லையே."

"அவங்க அடிக்கிறாங்கல்ல?
ஒவ்வொரு தடவையும் செம்பனைக்குள்ள பூந்து
பந்து தேடுறது நானு."

சிரிப்பு அடங்கியதும்
ஒட்டுக்கடை விமலாதேவி கேட்டாள்:
"பதினாலு வயசுப் பசங்க குழு ஒண்ணு இருந்திச்சே,
அது என்னாச்சி?"

மெஷின் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

திடலில் பாதியை
லாரி நிறுத்த எடுத்துக்கொண்டது கம்பெனி.
மிச்சப் பாதியில் ஒரே கோல் போஸ்டு.
ஒரே பக்கம் அடித்துப் பழகிய பையன்கள்
பிற்பாதியில் பக்கம் மாறியதும்
திகைத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம்.
குணாளன் மேசையில் கிடந்த லாரிச் சாவியை எடுத்து
பைக்குள் போட்டுக்கொண்டார்.

என்னிடம் யாரும் கேட்பதில்லை.
ஆனால் எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் எண் சட்டையில் அத்தர் வாசம் மட்டும்,
தொண்ணூறு நிமிடம் ஓடியும் சேறில்லை.
நான்காம் எண்ணின் விலாவில்
பூட்ஸ் முள் கிழித்த மூன்று கோடு.
அதை வாரா வாரம் நான்தான் தைக்கிறேன்,
நூல் காசு கேட்டதில்லை.
பதினேழு
போன வாரம் நான் மடித்த மடிப்போடு திரும்பி வரும்.
பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு மட்டும் கசங்கும்.
ஏழு வாரமாய்
அழுக்காகாத சட்டையை அழுக்கோடு சேர்த்துத் துவைத்தேன்,
எடைக்குத்தானே காசு.

இன்றைக்குப் பிரித்து எண்ணினேன்.
பதினேழு இல்லை.

"லவனேஷா? வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிட்டான்,
சிங்கப்பூருக்கு," என்றான் தீனதயாளன்.
"தட்டு கழுவுற வேல. ஆனா வெள்ளி மூணு மடங்கு."

"சட்டையுமா எடுத்துக்கிட்டுப் போனான்?"

பிறகு அரைமணி நேரம் அதைத்தான் பேசினார்கள்.
சட்டை கழகச் சொத்து, நாற்பத்தைந்து வெள்ளி.
அவன் அப்பாவிடம் கேட்பதா,
பொருளாளர் தலையில் கட்டுவதா.
குணாளன் குரல் தெருமுனை வரை போனது.
ஏழு வாரம் இவ்வளவு நேரம்
யாரும் அவன் பெயரைச் சொன்னதில்லை.

மெஷின் கூவியது.
ஈரச் சட்டைகளை அள்ளி உலர்த்தியில் போட்டேன்.
ஒன்பதின் கை நான்கின் கழுத்தைச் சுற்றியிருந்தது.
அந்த மட்டுக்காவது
இரண்டும் சேர்ந்து ஆடட்டும்.

சீட்டில் எழுதினேன்:
சட்டை பதினெட்டு, சரி.
மூன்று மாதப் பாக்கி நூற்று எண்பது வெள்ளி.

குணாளன் கையெழுத்துப் போட்டார், எண்ணவில்லை.
வெளியே மோட்டாரை உதைத்துக்கொண்டே
தீனதயாளன் கத்தினான்:
"சனிக்கிழம பஸ்ஸு சொல்லியாச்சா இல்லையா?"